பாத்திரக்கடைப் பலகை

எனக்குச் சிரிக்கவைக்கத் தெரியாது. நான் முன்கோபக்காரன். நாலு சட்டியை எடுக்கச் சொல்லி, நாலையும் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்" என்று நடையைக் கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு உச்சந்தலை காயும். அப்பேர்ப்பட்ட என்னை, பாத்திரக்கடை இசக்கிமுத்துவைத்தான் தி. நகரில் இந்தச் சந்தே பெரிய நையாண்டிப் பேர்வழி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. எல்லாம் கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் கரும்பலகையால் வந்த வினை.

பலகையை வாங்கியது தள்ளுபடி எழுதத்தான். ஒருநாள் காலை கோடம்பாக்கம் வீட்டில் நான் தோசை தின்றுகொண்டிருந்தேன். என் மனைவி பேச்சியம்மாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இதை எழுதிப் போடுங்க என்று ஒன்று சொன்னாள். தங்கம் விலையைக் கேட்டு என் வீட்டம்மா மயங்கி விழுந்தாள். எவர்சில்வர் டம்ளர் விலையைச் சொன்னேன், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் சந்தில் போனவர்கள் எல்லாம் நின்று படித்துச் சிரித்தார்கள். டம்ளரும் நன்றாக விற்றது.

அன்றிலிருந்து தினம் ஒன்று. அவள் சொல்வாள். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்து எழுதுவேன். மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டியபோது, நேற்று இருந்த ரோட்டைத் தேடாதீர்கள், நாளைக்கு வேறு இடத்தில் கிடைக்கும் என்றாள். தேர்தல் சமயத்தில், ஓட்டுக் கேட்டுக் கும்பிட வந்தவரின் கையைக் கவனித்தேன், ஐந்து வருஷம் வேலை பார்த்த கையாகத் தெரியவில்லை என்றாள். குக்கர் விசிலை எண்ணும்போது போனைப் பார்க்காதீர்கள் என்று புத்திமதியும் உண்டு. எல்லாவற்றையும்விட ஜனங்களுக்குப் பிடித்தது 'என் வீட்டம்மா' வரும் நாட்கள்தான். எவர்சில்வர் உடையாது, என் வீட்டம்மா நேற்று என் மண்டையில் சோதித்துப் பார்த்துவிட்டாள் என்று எழுதிய அன்று, ஒரு கல்யாணப் பார்ட்டி சீர்ப் பாத்திரம் முழுக்க என்னிடமே எடுத்தது.

தன்னையே வைத்துத் தானே கேலி செய்துகொள்வாள், மகராசி. நிஜத்தில் என்னை ஒரு வார்த்தை அதட்டியது கிடையாது. கத்துவது எல்லாம் நான்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்பாள். "சிரிச்சாவளா?" அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். யார் யார் நின்றார்கள், யார் பல் தெரியச் சிரித்தார்கள், யார் உம்மென்று போனார்கள், எல்லாம் சொல்லவேண்டும். பக்கத்து பாங்கில் வேலை பார்க்கும் சரண்யா தினமும் பலகையைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுகிற கதையையும், ஆட்டோ ஸ்டாண்டு சக்திவேல் அதைச் சவாரிக்காரர்களிடம் தன் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிடுகிற கதையையும் திரும்பத் திரும்பக் கேட்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அந்த நேரத்தில் கேட்கிற சத்தம் அதுதான்.

எனக்குத்தான் மனசு உறுத்தும். அவள் சொல்ல, பெயர் எனக்கா? கீழே உன் பெயரைப் போடுகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. பொம்பளை சொன்னாள் என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள், புத்தி சொல்ல வருவார்கள் என்றாள்.

போன வருஷக் கடைசியில் வயிற்றில் கட்டி என்றார்கள். ராயப்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தை பிறந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களால் முடியும் என்றார். அங்கேயும் பலகைக்கு லீவு விடவில்லை அவள். என் தங்கை துணைக்கு இருந்தாள். நான் காலையில் போய்ப் பார்த்துவிட்டுக் கடையைத் திறப்பேன். நோயாளிக்கு ஓய்வு தேவை என்று சுவரில் எழுதியிருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் அதையும் சத்தமாகப் படித்துவிட்டுப் போகிறார்கள் என்றாள் ஒருநாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

கடையில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பலகையில் சிரிப்பும் உங்கள் முகத்தில் இழவும் இருந்தால் எவன் நின்று படிப்பான் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. இயல்பிலேயே நான் சிடுமூஞ்சி என்பதால் யாருக்கும் வித்தியாசமும் தெரியவில்லை.

மாசிக் கடைசியில் குரல் கம்மிவிட்டது. ஒருநாள் காலை வாயருகே காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது. எனக்கு அடக்க முடியவில்லை.

"இப்பவாவது உன் பேரப் போடுதேன் பேச்சி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"நான் போனப்புறம் போட்டுக்கிடுங்க. அப்ப எவனும் வந்து எனக்குப் புத்தி சொல்ல முடியாதுல்லா" என்றாள். அதற்கும் அவளே சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எனக்கு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

சொந்த ஊருக்குக் கொண்டுபோனோம். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால் நானே மொட்டையடித்துக்கொண்டு வைத்தேன். பதினாறு முடிந்து சென்னைக்கு வந்து, கடைக் கதவைத் தூக்கியபோது உள்ளே எல்லாப் பாத்திரத்திலும் தூசி. பலகையில் அவள் கடைசியாகச் சொன்னது பாதி அழிந்து கிடந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் பெயரைப் போடுவது அவளே அனுமதி கொடுத்த காரியம். துடைத்துவிட்டு எழுதினேன்.

'இதுவரை இந்தப் பலகையில் எழுதியது எல்லாம் என் வீட்டம்மா பேச்சியம்மாள் சொன்னது. என் சொந்தச் சரக்கு ஒன்றுகூடக் கிடையாது. இப்படிக்கு, இசக்கிமுத்து.'

அவள் இறந்ததையும் எழுதத்தான் நினைத்தேன். அந்த வார்த்தையை அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுத முடியவில்லை. பெயர் இருக்கிறதே, போதும் என்று சாக்பீஸை வைத்துவிட்டேன்.

முதலில் வந்தவன் சக்திவேல். மொட்டையைப் பார்த்து, திருச்செந்தூர் போயிருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே பலகையைப் படித்தான். படித்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "இன்னா அண்ணாச்சி, வூட்ல பக்கத்துலயே குந்திக்கினு எழுத வச்சாங்களா?" என்றான்.

அதற்குள் பூக்காரம்மா நின்றாள், துணிக்கடைப் பையன்கள் நின்றார்கள், ஸ்கூட்டரில் போன ஒரு புருஷன் பெண்டாட்டி வண்டியை ஓரங்கட்டினார்கள். அந்தப் பெண் புருஷன் முதுகில் குத்தி, பார்த்தீங்களா, இப்படி ஒத்துக்கணும் என்றாள். இத்தனை வருஷத்தில் பலகைக்கு முன்னால் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆத்திரம் வந்தது. அண்டாவைத் தூக்கிப் பலகை மேல் போடலாம் போல இருந்தது. உண்மையைத்தானேடா எழுதியிருக்கிறேன், ஒருத்தனுக்காவது நம்பத் தோன்றவில்லையா என்று கத்த வாயெடுத்தேன். அப்போது சரண்யா வந்தாள். போட்டோ எடுத்து, அங்கேயே நின்று குரூப்பில் போட்டாள்.

"அண்ணாச்சி, இன்னிக்குதான் டாப். ஆன்ட்டி படிச்சாங்களா?"

"படிக்க மாட்டா."

அதற்கும் சிரித்தாள். நல்ல பெண். அவள் மேல் என்ன தப்பு? நான் கடுகடுவென்று எதைச் சொன்னாலும் அது ஜோக் என்றுதான் இத்தனை வருஷம் பழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம், நானும் பேச்சியும். நாளைக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சீக்கிரமே கடையைச் சாத்தினேன். வீட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றினேன். அடுப்படிப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பாழாய்ப்போன காது மட்டும் அந்தக் கேள்விக்குக் காத்துக்கொண்டு நின்றது. விளக்கைப் போட்டுவிட்டு அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். யார் யார் வந்தார்கள், யார் எப்படி நின்றார்கள், ஸ்கூட்டர்க்காரி என்ன சொன்னாள், சக்திவேல் என்ன கேட்டான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வழக்கமாக அவள் கேட்டு நான் சொல்வது. இன்றைக்குக் கேட்காமலே சொன்னேன்.

"எல்லாரும் சிரிச்சாவ பேச்சி. உன் பேரப் படிச்சிட்டுச் சிரிச்சாவ."