கொட்டாயில் ஒரு அடுப்பு

"இது பொய் அடுப்புன்னு குருடன் கூட சொல்லிடுவான்" என்றாள் கெங்கம்மாள்.

மாட்டுக் கொட்டாயின் வடக்கு மூலையில், இரண்டு நாள் முன்பு பூசிய மண் அடுப்பு உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் குந்தியிருந்த மணியம்மை மூன்றாவது முறையாக வைக்கோலைக் கொளுத்தி உள்ளே தள்ளினாள். புகை எழும்பி ஓலைக் கூரையில் முட்டி, மாடுகளின் முகத்தில் இறங்கியது. மாடுகள் தலையை உதறின. அடுப்பின் வாய் கறுத்துவிட்டது. ஆனால் அது நேற்றுக் கறுத்த கறுப்பு. சமையல் செய்து பழகிய எவளும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். மறுநாள் காலை ரேஷன் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தலையாரி சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பெரியவன் துளசிங்கம். பட்டா அவன் பேரில். போன வருஷம் மழை பொய்த்து, ஏரி வெடித்துக் கிடந்தது. விளைந்த கொஞ்ச நெல்லிலும் சர்க்காரின் லெவிக் கொள்முதலுக்கென்று அளந்துகொண்டு போய்விட்டார்கள். நிலம் வைத்திருக்கிற வீட்டுக்கு ரேஷன் கார்டு கிடையாது என்பது சட்டம். தம்பி தேசப்பனோ திருத்தணி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன், அவன் பேரில் ஒரு சாண் மண் இல்லை. அவன் மட்டும் தனிக் குடித்தனம் என்று காட்டினால் அவனுக்குக் கார்டு வரும். அரிசி வரும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அடுப்பு வேறானால் குடும்பம் வேறு என்பது சர்க்காரின் வாய்ப்பாடு. அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி ஒரே நாளில் முடிவு செய்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டால் தொம்பைக் குதிரில் மிச்சமிருக்கிற கேழ்வரகையும் வாரிக்கொண்டு போவார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. அந்த வீட்டுக்காரி தெருவில் உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றியதை ஊரே கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு" என்றாள் கெங்கம்மாள். "நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் செய்ததைத் தேசப்பனின் பெண்சாதி மணியம்மை பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிங்கத்தின் பெண்சாதியான கெங்கம்மாள் இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மூன்று பிள்ளைகள், இரண்டு ஆண்கள், ஓரகத்தி, தான் என்று ஏழு வயிற்றையும் குறைந்துகொண்டே வந்த தானியத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவள். களி கூழாகி, கூழ் தண்ணீராகிக்கொண்டிருந்த நாட்களிலும் பிள்ளைகள் அழுதபடி படுக்காமல் பார்த்துக்கொண்டவள். அவள் முதலில் தன் அடுப்பங்கரையிலிருந்து அடி கறுத்த ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கைப்பிடி வழவழத்துப் போன ஓர் அகப்பை. வாய் உடைந்த உப்புச் சாடி. பாதி தீர்ந்த மிளகாய்ச் சட்டி. கரியையும் விளக்கெண்ணெயையும் உள்ளங்கையில் குழைத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், சமைக்கிறவள் அவசரத்தில் கையைத் துடைக்கிற உயரத்தில், நான்கு விரலாக இழுத்தாள். மஞ்சள் தண்ணீரைத் தரையில் தெளித்து, காய்வதற்குள் காலால் தேய்த்தாள். வெங்காயச் சருகைச் சுவரோரம் தூவினாள். உறியைத் தொங்கவிட்டுப் பிறகு கொஞ்சம் கோணலாக்கினாள். ஒரு பொம்பிளை ஒரு இடத்தில் மாசக் கணக்கில் சமைத்தால் அந்த இடம் என்னவாகும் என்பது முழுக்க அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக உப்பையும் அகப்பையையும் அடுப்புக்கு வலப்பக்கமும், தண்ணீர்ப் பானையை இடப்பக்கமும் வைத்து, தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்ப நம்புவான். நீ எதையும் தொடாத."

தொடாதே என்பது மணியம்மைக்குப் புதிய வார்த்தையல்ல. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், புருஷனுக்குச் சோறு போட அகப்பையை எடுத்தபோது, கெங்கம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அது இடது கை. மணியம்மைக்கு எல்லாமே இடது கைதான். ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எந்தக் கையால் போட்டாலும் உப்பு உப்புதான் என்பாள் அவள் அம்மா. இங்கே அப்படி இல்லை. "பீச்சாங்கையால சோத்துல கை வெச்சா வூடு வெளங்காது" என்று கெங்கம்மாள் ஒரே ஒரு முறை சொன்னாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். ஐந்து வருஷமாக மணியம்மை இடித்தாள், அரைத்தாள், தண்ணீர் சுமந்தாள், பாத்திரம் தேய்த்தாள், கீரை ஆய்ந்து முறத்தோடு அடுப்பங்கரை வாசற்படியில் வைத்தாள். படிக்கு அந்தப் பக்கம் நெருப்பும் உப்பும் கெங்கம்மாளுடையவை. கெங்கம்மாள் அவளை அடித்ததில்லை, வைததில்லை, பசியோடு விட்டதுமில்லை. பந்தியில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு அவளுக்குப் போட்ட நாட்களும் உண்டு. அதனால்தான் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொள்ள மணியம்மைக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைக்க அவள் மட்டும் கொட்டாய்க்கு வந்தாள். அடுப்பு சூடாக இருக்க வேண்டும், சட்டியில் ஏதாவது கொதிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முருங்கைக்கீரையை உருவிப் போட்டாள். கொதி வந்ததும் கை தானாக இடப்பக்கம் உப்புக்குப் போனது. அங்கே பானைதான் இருந்தது. திரும்பினாள், வலப்பக்கம் எட்டினாள், புடவைத் தலைப்பு நெருப்பில் படப் பார்த்தது. இரண்டாவது முறையும் அப்படியே ஆயிற்று. அவள் வாசற்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு உப்புச் சாடியைத் தூக்கி இடப்பக்கம் வைத்தாள். அகப்பையை அதன்மேல் சாத்தினாள். பானையை உருட்டி வலப்பக்கம் கொண்டுபோனாள். அவ்வளவுதான் செய்தாள். திரும்ப உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் கீரையில் போட்டாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். இப்போது சரியாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக, ஒரு சட்டியில் உப்பு போதுமா போதாதா என்பதை அவள் முடிவு செய்திருந்தாள். சிரிப்பு வரும்போல இருந்தது. அழுகையும் வரும்போல இருந்தது.

"யாரு மாத்தினது?"

கெங்கம்மாள் நின்றிருந்தாள்.

"நான்தான்க்கா. கைக்கு எட்டல."

"அவன் வர்ற நேரத்துல இன்னா வெளயாட்டு இது?" கெங்கம்மாள் குனிந்து உப்புச் சாடியைத் தூக்கினாள். அதே சமயம் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. "வாங்க, வாங்க, இந்த வூடுதாங்க" என்று தலையாரியின் குரல். துளசிங்கம் தொண்டையைக் கனைப்பது கேட்டது. சாடி கெங்கம்மாளின் கையிலேயே இருந்தது. ஒரு கணம் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவள், எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுச் சட்டென்று வெளியே போனாள்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. முதலில் பழைய அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். பிறகு கொட்டாய்க்கு வந்தார். அண்ணனும் தம்பியும் பின்னாலேயே வந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு கம்பத்தின் பக்கம் நின்றார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று துளசிங்கம் யோசித்து வைத்திருந்தான். கெங்கம்மாள் கொட்டாயின் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம், முகம் மட்டும் தெரிய நின்றாள்.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். உறியைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு யாரும் எதிர்பாராமல் அடுப்பின் முன் குந்தி, அதன் தோள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். கரி உதிர்ந்தது. அடியில் ஈர மண் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"பச்ச மண்ணா இருக்குதே."



"மாடு முட்டி ஒடஞ்சி போச்சிங்க" என்றாள் மணியம்மை. "திரும்பப் பூசனேன்."

"ஆங்." அவர் நகத்தை ஒரு வைக்கோலில் துடைத்தார். "இந்த மாசம் இந்தத் தெருவுல ஊட்டுக்கு ஊடு பாகம் பிரிஞ்சிகினு இருக்குது. ஊட்டுக்கு ஊடு மாடு முட்டிகினு இருக்குது. இன்னாய்யா, எதுக்குத் தனியா வந்தே?"

"உழவு மாடு விசயத்துல அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபங்க..." தேசப்பன் மனப்பாடமாக ஆரம்பித்தான்.

"உன்ன கேக்கலை. அந்தம்மாவ கேக்கறேன். அடுப்பு பொம்பளைங்களுதுதானே? சொல்லும்மா. அங்க அவ்ளோ பெரிய அடுப்பு இருக்க, மாட்டு மூத்திரத்துல வந்து எதுக்குச் சமைக்கறே?"

மணியம்மைக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாடு, மனஸ்தாபம், தினமும் சண்டை. வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் வரவில்லை.

"எனக்கு எடது கைப் பழக்கம்ங்க" என்றாள். "அந்த அடுப்பாண்ட என்னை வுடமாட்டாங்க. அஞ்சு வருசமா அதுல நான் ஒரு கல்லு உப்பு போட்டதில்லீங்க. என் வூட்டுக்காரருக்கு என் கையால ஒரு வாய் ஆக்கிப் போட்டதில்ல. நான் அந்தப் படிக்கு இந்தாண்டயே நின்னுகினு இருந்தேன். அதான் வந்துட்டேன்."

தேசப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல. இன்ஸ்பெக்டர் மெல்ல அடுப்பின் பக்கம் திரும்பினார். இடப்பக்கம் உப்பு. இடப்பக்கம் அகப்பை. எழுந்துபோய்ப் பழைய அடுப்பங்கரையை மறுபடியும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே உப்பும் அகப்பையும் வலப்பக்கம். பிறகு தட்டியைப் பார்த்தார்.

"இந்தம்மா சொல்றது நெசமா?"

கெங்கம்மாள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மணியம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கார்டு போயிற்று, தொம்பையும் போயிற்று. ஆமாம் என்றால்?

"நெசந்தான்" என்றாள் கெங்கம்மாள்.

இன்ஸ்பெக்டர் நின்றபடியே எழுதினார்.

சைக்கிள் தெருமுனை திரும்பியதும் துளசிங்கம் கம்பத்தைத் தட்டிச் சிரித்தான். "இன்னாமா பேசினாப் பாருடா தம்பி! நானே ஒரு நிமிசம் நம்பிட்டேன்!" அவனுக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. "வர்ற வெள்ளிக்கெழம கார்டு கைக்கு வந்ததும் இத்த இடிச்சிடலாம். மாடு கட்ட எடம் வேணும்." தேசப்பன் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி வருகிற நேரம் என்று ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். போகும்முன் சட்டியில் இருந்த கீரையில் ஒரு வாய் அள்ளித் தின்றான்.

மணியம்மை முற்றத்தைக் கடந்து போய்ப் படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கெங்கம்மாள் உள்ளே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா. அவன் கேட்டதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல."

"பொய் சொன்னியா, நெசத்த சொன்னியா?"

பொய் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முன்போலவே ஆகிவிடும். அந்த ஒரு வார்த்தை மணியம்மையின் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"போ" என்றாள் கெங்கம்மாள், திரும்பாமல். "அடுப்புல நெருப்ப வுட்டுட்டு வந்துட்டியே, கூரை ஓலைக் கூரை."

அன்று மத்தியானம் பெரிய அடுப்பங்கரையிலிருந்து சத்தமே வரவில்லை. களி கிளறும் சத்தம் இல்லை, பாத்திரம் நகரும் சத்தம் இல்லை. பிள்ளைகள் காலையில் மிச்சமிருந்த கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு ஏரிப்பக்கம் போய்விட்டார்கள். துளசிங்கம் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை பார்க்காமல் கழனிக்குப் போனான். மணியம்மை கொட்டாயில் அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த நெருப்பை அணைக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. போய்க் கால்களில் விழலாம் என்று ஒரு சமயம் தோன்றியது. எதற்காக விழ வேண்டும் என்று மறுசமயம் தோன்றியது. நெருப்பு தணியும்போதெல்லாம் ஒரு புளியங்குச்சியை உடைத்து உள்ளே வைத்தாள். மலைமேல் கோயிலில் சாயரட்சைப் பூஜை மணி அடித்தது. காற்று கிளம்பி முற்றத்துப் புழுதியைச் சுழற்றியது.

அப்போது வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கெங்கம்மாள் வந்து நின்றாள். கையில் ஓர் உடைந்த ஓட்டுத் துண்டு, அதன்மேல் ஒரு வறட்டி. கண் வீங்கியிருந்தது. கொட்டாய்க்குள் வரவில்லை, கூரை நிழலின் ஓரத்தில் நின்றாள்.

"என் அடுப்பு அணைஞ்சி போச்சி" என்றாள். "ரெண்டு நெருப்பு குடு."

மணியம்மை அசையாமல் பார்த்தாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் அப்படி ஓட்டுத் துண்டோடு வந்து கேட்பார்கள். ஒரு வீட்டுக்குள் யாரும் யாரிடமும் நெருப்புக் கேட்பதில்லை. கெங்கம்மாளின் அடுப்பு இந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் அணைந்ததில்லை. சாம்பலுக்குள் கங்கு புதைத்து வைத்து மறுநாள் ஊதி எடுப்பவள் அவள். அது தானாக அணைந்ததா, அவள் அணையவிட்டாளா என்று மணியம்மை கேட்கவில்லை. இடுக்கியால் நல்ல கங்காக இரண்டைப் பொறுக்கினாள். பிறகு மூன்றாவதாக ஒன்று. வறட்டியின் மேல் வைத்தாள். கெங்கம்மாள் திரும்பி நடந்தாள்.

முற்றத்தின் நடுவில் காற்று பிடித்துக்கொண்டது. பொறி பறந்தது. கெங்கம்மாள் உடம்பை வளைத்து மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மணியம்மை ஓடிப்போய்க் காற்று வரும் பக்கத்தில் தன் முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். இருவரும் ஒரே அளவில் அடி எடுத்து வைத்து, மெதுவாக நடந்தார்கள். அடுப்பங்கரைப் படி வந்ததும் மணியம்மை நின்றுவிட்டாள். கெங்கம்மாள் உள்ளே போய், இருட்டில் குந்தி, வறட்டியை அடுப்புக்குள் தள்ளி ஊத ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஊதலுக்கும் கங்கு சிவந்தது, மங்கியது, மறுபடி சிவந்தது. இன்னும் பற்றவில்லை.