வலது பக்கம் சொன்னது

கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனதைக் கொண்டாடியே தீருவது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கண்ணாடிக்காரருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிற கண்களுக்கெல்லாம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுக் கேட்டே தொண்டை வற்றிப்போகும். ஞாயிற்றுக்கிழமையாவது வாயை மூடிக்கொண்டு உட்காரலாம் என்று நினைப்பார். ஆனால் மகள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது.

“முப்பது வருஷம் ஒரே ஆளோட குப்பை கொட்டறது சாதாரண விஷயமாப்பா? அம்மாவுக்கு ஒரு மெடலே குடுக்கணும்,” என்றாள்.

வந்தவர்கள் பத்துப் பேருக்குள்தான். மகளும் மருமகனும், பக்கத்து வீட்டு டீச்சர், கடைக்கு எதிரே கடிகாரம் பழுது பார்க்கும் நண்பர், மனைவியோடு நூலகத்தில் வேலை செய்யும் இரண்டு பேர். கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிந்ததும் மகள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

“உங்களைப் பத்தி இங்க இருக்கிற யாருக்குமே தெரியாத ஒரு விஷயம் எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம். நான் படிப்பேன். யாருன்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும்.”

நன்றாகத்தான் போயிற்று. ‘இருபது வருஷமாகத் தீப்பெட்டி லேபிள் சேர்க்கிறேன், நாலாயிரம் இருக்கிறது’ என்ற சீட்டு டீச்சருடையது. ‘எனக்கு நீச்சல் தெரியாது, ஆனால் ஒரு நீச்சல் போட்டிக்கு நடுவராக இருந்திருக்கிறேன்’ என்பது மருமகன். ‘கல்லூரி நாடகத்தில் மூன்று வருஷம் ராணி வேஷம்’ என்று படித்ததும் எல்லோரும் கண்ணாடிக்காரர் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அடுத்த சீட்டைப் பிரித்து மகள் படித்தாள். “பன்னிரண்டு வருஷமாக எனக்கு வலது காது கேட்காது.”

“இது நம்ம கடிகாரக்காரர்தான்!” என்று கண்ணாடிக்காரர் தொடையைத் தட்டினார். “ரோட்ல நின்னு கத்தினாலும் திரும்ப மாட்டார்.”

“நான் இல்லப்பா. உன் குரல்னு தெரிஞ்சுதான் திரும்பறதில்லை,” என்றார் நண்பர். மறுபடி சிரிப்பு.

சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெல்லக் கையைத் தூக்கினாள். “நான்தான்.”

“விளையாடாதம்மா,” என்றாள் மகள்.

“விளையாட்டுன்னு நீதானே சொன்னே?” என்று மனைவி புன்னகைத்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்கச் சொன்னாள். மகள் விடுதிக்குப் படிக்கப் போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. எழுந்தபோது வலது காதில் ஒரு இரைச்சல். அப்புறம் அதுவும் இல்லை. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார். இடது காது நன்றாக இருந்தது. நூலகத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்பதால் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“எங்ககிட்ட ஏன் சொல்லலை?” என்றாள் மகள்.

“எங்க அப்பாவுக்குக் காது போச்சு. முதல்ல எல்லாரும் கத்தினாங்க. அப்புறம் அவர்கிட்ட பேசறதை விட்டுட்டு, அவர் முன்னாடியே அவரைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு. இன்னிக்கு என்னவோ எழுதணும்னு தோணிச்சு. எழுதிட்டேன்.”

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவருக்குக் கட்டின மனைவியின் காது தெரியவில்லையே என்று நண்பர் கேலி செய்தார். கண்ணாடிக்காரரும் சிரித்து வைத்தார். நடக்கும்போது அவள் ஏன் எப்போதும் வலப்பக்கம் வந்துகொள்வாள், சோபாவில் அந்த ஓரத்தை ஏன் யாருக்கும் விட மாட்டாள் என்பதெல்லாம் இப்போது புரிந்தது. எங்கே போனாலும் ஆட்கள் தனக்கு இடப்பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு இடத்தில்தான் அது அவள் கையில் இல்லை. அவர் கார் ஓட்டும்போது அவள் பக்கத்தில் உட்காருவாள். அங்கே அவர் பக்கம் இருப்பது அவளுடைய வலது காது.

அந்த நினைப்பு வந்ததும் அவர் கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். அவள் அவனைச் சின்னவன் என்பாள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன்தான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள். மகளின் ஒரு பிறந்தநாளன்று, கூட்டத்துக்கு நடுவில், “எங்க அக்கா படிச்ச படிப்புக்குக் கடைசியில இந்தக் கண்ணாடிக் கடைதான் கிடைச்சுது” என்று அவன் சொல்லிவிட்டான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் நாலு பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அது முள்ளாகத் தைத்தது. பதிலுக்கு அவர் ஏதோ சொல்ல, வார்த்தை தடித்து, மூன்று வருஷம் போக்குவரத்தே நின்றது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சின்னவன் கடைக்குப் போன் செய்தான்.

“அத்தான், வீடு குடிபோறீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் வரட்டுமா? அக்காவைப் பாக்கணும் போல இருக்கு.”

சரி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அந்தப் பழைய சிரிப்புச் சத்தம் காதில் கேட்டது. “உன்னைப் பாக்க விருப்பமில்லைன்னு உங்க அக்கா சொல்லிட்டா,” என்றார்.

“சரி அத்தான். அக்கா நல்லா இருக்கட்டும்” என்று வைத்துவிட்டான்.

பத்து நாள் கழித்து, வேலை செய்யும் இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முப்பத்தெட்டு வயது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மழை. கார் கண்ணாடியில் வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். இனியும் உள்ளே வைத்திருந்தால் வெடித்துவிடும் என்று அவருக்கு இருந்தது. சாலையைப் பார்த்தபடியே, தாழ்ந்த குரலில், எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்தது, அவன் கேட்டது, தான் சொன்ன பொய். “என்னை நீ என்ன வேணா செய்” என்று முடித்தார். அவள் திரும்பவில்லை. வெகு நேரம் கழித்து, “முன்னாடி லாரி போகுது, மெதுவாப் போங்க,” என்றாள். அவ்வளவுதான்.

அதை அவர் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. எப்போதோ ஒருமுறை, “வீடு குடிவந்த அன்னிக்குக்கூட அவன் வரலையே” என்று அவள் சொன்னபோது, குத்திக் காட்டுகிறாள், அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று தலை குனிந்துகொண்டார். பதினொரு வருஷமாக, இல்லாத ஒரு மன்னிப்பின் மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

விருந்து முடிந்து அடுத்த இரண்டு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஒருவருக்கு எழுத வேண்டிய பவரை இன்னொருவருக்கு எழுதினார். சொன்னது சொன்னதுதானே, கேட்காதது அவள் காதின் குற்றம்தானே என்று ஒரு மனம் வக்கீல் மாதிரி வாதாடியது. ஆறின புண்ணை ஏன் கீற வேண்டும் என்றது. ஆனால் புண் யாருக்கு ஆறியது? அவருக்குத்தான் ஆறியிருந்தது. தம்பி தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுச் செத்தான் என்றல்லவா அவள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

மூன்றாவது ஞாயிறு காலை, சாப்பாட்டு மேஜையில் அவள் பேப்பரை விரித்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடைய வாராந்திரப் பொழுதுபோக்கு. அப்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

சொன்னார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அது கார் ஓட்டிக்கொண்டே சொன்னதைவிட நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது.

அவள் பேனாவை மூடினாள். “அவன் கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான்.”

“என்ன சொன்னான்? அவன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க.”

“நான் வரட்டுமா, அக்காவைப் பாக்கணும் போல இருக்குன்னான்.”

“திரும்பச் சொல்லுங்க.”

சொன்னார். இன்னொரு தடவையும் கேட்டாள். அவர் சொல்லும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திட்டுவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று அவர் காத்திருந்தார். எறிந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“அடக்கத்தன்னிக்கு அவன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?” என்றாள் நின்றபடியே. “நீதான்டி அவனை என்கிட்ட இருந்து பிரிச்சேன்னு சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்துட்டு உட்காந்திருந்தவகிட்ட. அவ வாயைத் திறந்தா. பேசாதேன்னு கையைக் காட்டிட்டு வந்துட்டேன். பதினோரு வருஷம் அவ வாசப்படி மிதிக்கலை.”

“நான் போய்...”

“நீங்க தனியாப் போக வேணாம். நானும் வரேன். ஆனா நீங்கதான் சொல்லணும்.”

சின்னவன் மனைவி ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. கதவைத் திறந்தவள் இவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு, “உள்ள வாங்க அக்கா” என்று வழிவிட்டாள். ஒரு சின்னக் கூடம். துவைத்த துணி நாற்காலியில் குவிந்திருந்தது. அவசரமாக அதை அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

கண்ணாடிக்காரர் உட்காரவில்லை. மூன்றாவது தடவையாக அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்பார்கள். பழகவில்லை.

சின்னவன் மனைவி அவரைப் பார்க்கவில்லை. அவர் மனைவியைத்தான் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும் அக்கா.”

“தெரியுமா?”

“போனை வெச்சதும் என்கிட்ட வந்து சொன்னார். ‘அக்கா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா. இது அத்தானோட வார்த்தை. என் மேல கோபம் இன்னும் ஆறலை, ஆறட்டும். அடுத்த மாசம் சொல்லாமக் கொள்ளாமப் போய் வாசல்ல நிப்போம், என்ன பண்ணுவாருன்னு பாக்கலாம்’னு சிரிச்சார். உங்களுக்குன்னு ஒரு சுவர்க் கடிகாரம்கூட வாங்கி வெச்சிருந்தார். அடுத்த மாசம்தான் வரலை.”

கண்ணாடிக்காரர் மனைவி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தன்று அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. சின்னவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “அன்னிக்கு இதைத்தான் அக்கா சொல்ல வந்தேன். நீங்க பேச விடலை.”

“நீ அடிச்சாவது சொல்லியிருக்கணும்டி.”

“உங்களை அடிக்க முடியுமா? அவரையே வளத்தவங்க நீங்க.”

கண்ணாடிக்காரர் கதவோரம் நின்றார். அவரை யாரும் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார். சின்னவனுக்குத் தெரிந்திருந்தது. தன் பொய்யை அவன் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்து, சிரித்து, மன்னித்தும் விட்டிருக்கிறான். கடைசி வரை சின்ன மனசோடு இருந்தது யார் என்று யோசித்தபோது அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மனைவி அன்று திரும்பி வரவில்லை. நாலு நாள் இங்கே இருக்கிறேன் என்றாள். அவர் மட்டும் வீட்டுக்கு வந்தார். மறுநாள் மகளுக்குப் போன் செய்து அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். “மாமா என்னைத் தோள்ல தூக்கிட்டு மாடிப்படி ஏறுவார்ப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நாலு நாள் ஒரு வாரமாயிற்று. அடுத்த திங்கட்கிழமை காலை அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பை காபி போட்டுக்கொண்டு வந்து, ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க,” என்றாள்.

“நெனைக்கலை.”

“அன்னிக்கு மழையில சொன்னது கேட்டிருந்தா, அப்பவே உங்களை விட்டுட்டுப் போயிருப்பேன். இப்போ போக முடியலை. அது மன்னிப்பா, பழக்கமா, வயசா, என்னன்னு எனக்கே தெரியலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

“அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. பேப்பரை எட்டப் புடிச்சுப் படிக்கிறா. சனிக்கிழமை கடைக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்களே பாருங்க.”

அவர் தலையசைத்தார். இருவரும் காபியைக் குடித்து முடித்தார்கள். பிறகு அவள் நூலகத்துக்கும் அவர் கடைக்கும் கிளம்பினார்கள்.