சம்பந்தி வீட்டு கோஸ்டர்கள்

எனக்கு வாய் நீளம். என் டயர் கடையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெண் கொடுக்கப் போகிற வீட்டில் அப்படி விட்டுவிடுவார்களா? அதனால் கிளம்பும்போதே என் மனைவி கண்டிஷன் போட்டுவிட்டாள்.

“அங்க காபி குடிக்க மட்டும்தான் வாயைத் திறக்கணும். அவர் என்ன சொன்னாலும் ‘ஆமாங்க’. வேற ஒரு வார்த்தை வரக் கூடாது.”

மாப்பிள்ளையை என் மகளே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பையன் தங்கம். அவன் அப்பாதான் அரை மனதாகச் சம்மதித்திருந்தார். எதிர்த்துப் பேசினால் அவருக்கு ஆகாதாம், எழுந்து போய்விடுவாராம். நான் எதையாவது உளறி இந்தச் சம்பந்தம் கெட்டால் மகள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சரி, ஒரு மத்தியானம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

போய் உட்கார்ந்ததுமே சோதனை வந்தது. சம்பந்தியம்மா காபி கொண்டுவந்தார். டீப்பாயின் மேல் கருப்பாக, வட்டமாக, கனத்த ரப்பரில் கப் வைக்கிற நான்கு கோஸ்டர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கப். கப்பை வைத்ததும் கோஸ்டர் இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது. நான் குனிந்து பார்த்தேன். அடியில் ஒரு குமிழ்.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அது ஜாக் பேட். மின்சாரக் காருக்கு வயிறு முழுக்க பேட்டரி. மற்ற கார் மாதிரி கண்ட இடத்தில் ஜாக் வைத்துத் தூக்க முடியாது. தூக்குவதற்கென்று அடியில் நான்கு மூலையிலும் நான்கு குழி விட்டிருப்பார்கள். பேட்டின் குமிழ் அந்தக் குழிக்குள் உட்காரும். ஜாக் பேட்டைத் தள்ளும், பேட்டரி மேல் படாது. என் கடையில் அதைக் கையில் எடுக்காத நாளே கிடையாது. அதன் மேல் காபி குடித்ததுதான் கிடையாது.

“ஆடுது பாத்தீங்களா? அதுதான் டிசைன்” என்றார் சம்பந்தி. “கார் வாங்கினப்ப கூடவே பரிசா குடுத்தாங்க. சாதாரணமா யார் வீட்லயும் பாக்க முடியாது.”

“ஆமாங்க” என்றேன். என் மனைவி டீப்பாய்க்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

காபி முடிந்ததும் காரைக் காட்ட வெளியே அழைத்துப் போனார். வெள்ளைக் கார், பளபளவென்று நின்றது. முன் சக்கரம் ஒன்று மட்டும் தரையோடு சப்பி இருந்தது. நான் சட்டைக் கையைச் சுருட்டுவதற்குள் அவர் தடுத்துவிட்டார்.

“நீங்க விருந்தாளி, உக்காருங்க. வண்டி தூக்கறதெல்லாம் எனக்குக் கை வந்த கலை.”

எங்கிருந்தோ ஒரு உருட்டு ஜாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். நேராகக் காரின் நடு வயிற்றுக்கு அடியில் தள்ளினார். பையனைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகள் என்னைப் பார்த்தாள். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஜாக்கின் தலை மேலே போய் ‘டக்’கென்று முட்டியது. இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் பேட்டரி நசுங்கும், அப்புறம் அந்தக் காரை வாசலில் அழகுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மனுஷனுக்குக் கண் எங்கே இருக்கிறது?

“ஒரு நிமிஷம் சம்பந்தி” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். டீப்பாயில் கடைசியாக இருந்த கப்பைத் தூக்கிவிட்டு கோஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“சம்பந்தி, சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எடுத்துட்டு வரச் சொல்ல நெனச்சீங்க, நான் முந்திக்கிட்டேன்.”

“எதை?”

“இதை ஜாக் மேல வச்சு, சக்கரத்துக்குப் பக்கத்துல அந்தக் குழி இருக்கில்ல, அதுல குமிழைக் குடுத்துத் தூக்கினா கார்ல கீறல் விழாதுன்னு யோசிச்சீங்க. உங்க முகத்தைப் பாத்ததுமே புரிஞ்சுது.”

அவர் கோஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆமா” என்றார் மெதுவாக. “அப்படித்தான் யோசிச்சேன்.”

பிறகு எனக்குக் குஷி பிறந்துவிட்டது. அவர் யோசித்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும்னு சொல்ல வந்தீங்களே என்றேன். வைங்க வைங்க என்றார். தூக்கறதுக்கு முன்னாடியே நட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்வீங்க என்றேன். பின்ன, என்றார். ஜாக்கை நம்பிக் கீழே கை விடக் கூடாது, ஸ்டாண்டை முட்டுக் குடுக்கணும்னு நீங்க கண்டிப்பானவர் என்று சொல்லி, நாங்கள் வந்த கடை வேனிலிருந்து ஸ்டாண்டையும் பஞ்சர் சாமான்களையும் எடுத்து வந்தேன். குமிழ் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கார் பூப்போல எழுந்தது. சக்கரத்தைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, காற்றடித்து மாட்டியாயிற்று.

“பாத்தீங்களா” என்றார் சம்பந்தி எல்லோரையும் சுற்றிப் பார்த்து. “நான் வீட்டுக்குள்ள கொண்டுவர்ற பொருள் எதுவும் வீண் போகாது. கோஸ்டர்லயே காரைத் தூக்கியாச்சு.”

“ஆமாங்க.”

என் மனைவியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணம் முடிந்த மாதிரியே நின்றாள்.

கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனேன். சம்பந்தியம்மா துண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

“அண்ணா, நல்லா சமாளிச்சீங்க” என்றார் தாழ்ந்த குரலில். “அது என்னன்னு டப்பாலேயே படம் போட்டிருந்துச்சு.”

“தெரியுமா? தெரிஞ்சுமா அதுல காபி வைக்கறீங்க?”

“அவர் கோஸ்டர்னுட்டாரு. அப்புறம் என்ன.” சிரித்தார். “உங்க பொண்ணுக்கும் போகப் போகப் பழகிடும்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. என் மகள் என்னிடமே ஒரு பேச்சுக்கு நாலு பேச்சு பேசி வளர்ந்தவள். அவள் இந்தச் சமையலறையில் நின்று, டப்பாவில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காபி ஊற்றுவதை நினைத்தேன். பழகிவிடுமாம். நானும் மத்தியானத்திலிருந்து அதைத்தானே பழக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் துக்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன். என் நடையைப் பார்த்ததுமே மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“சம்பந்தி, அது கோஸ்டர் இல்ல. ஜாக் பேட். காரைத் தூக்கறதுக்குன்னே குடுத்தது. நீங்க மொதல்ல வச்ச இடத்துல இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தியிருந்தா பேட்டரி போயிருக்கும். நீங்க எதையும் யோசிக்கல, நான்தான் சும்மா சொன்னேன்.”

சம்பந்தியின் காது சிவந்தது. கோஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விருட்டென்று உள்ளே போகப் போகிறார், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

“அவர் சொல்றது சரிதாம்பா” என்றான் பையன். இந்த முறை செருப்பைப் பார்க்கவில்லை. “எனக்கும் தெரியும்.”

“உனக்குமா?” சம்பந்தி திரும்பினார். பின்னால் வந்து நின்ற சம்பந்தியம்மாவும் தலையாட்டினார்.

“அப்ப நான் ஒருத்தன்தான் இத்தனை நாளா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கார் பக்கத்தில் கிடந்த மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். மிட்டாயைப் பறிகொடுத்த ஏழெட்டு வயதுக் குழந்தையின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு என் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ சொல்லும்மா. இந்த வீட்ல வேற என்னெல்லாம் தப்பா வச்சிருக்கேன்?”

நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

“வாசல்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமா மாமா?”

சம்பந்தியம்மா உள்ளே போனார். தனக்கென்று ஒரு நாற்காலி தூக்கி வந்து, வசதியாகப் போட்டு உட்கார்ந்தார்.