நிலவறையில் தட்டும் சத்தம்

என் வீட்டுக்காரர் சீவகனுக்குப் பொய் சொல்லவே வராது என்று கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பாவிடம் சொன்னார்கள். சொன்னவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எழுபத்தெட்டாம் வருஷம் துணிக்கடை வேலை போனதும் இவர் புதுத் தொழில் ஒன்றைக் கண்டுபிடித்தார். லாட்ஜிலும் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளிலும் தங்கும் வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போய், கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத திருவண்ணாமலையைக் காட்டுவது. மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகள், தூர்ந்துபோன குளம், கடைசியில் இடிந்த ஒரு சத்திரம். அதன் அடியில் அந்தக் காலத்தில் தானியம் கொட்டிவைத்த நிலவறை. அங்கே இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "நவாப் காலத்துல ஒரு பொண்ண இதுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. பேசாம நின்னீங்கன்னா இன்னிக்கும் அவ கதவத் தட்டுறது கேக்கும்" என்பார்.

அப்படி ஒரு பெண்ணே கிடையாது. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இவர் அவளை உண்டாக்கியபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "இல்லாத பொண்ண எதுக்குங்க சாகடிக்கிறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். சீக்கிரமே கதை தெருவில் இறங்கிவிட்டது. சத்திரத்து வாசலில் பிள்ளைகள் விளையாடுவதை நிறுத்தினார்கள். பூக்காரி வள்ளி கூடையோடு எதிர்ச் சாரியில் நடக்க ஆரம்பித்தாள். இவருக்கு அதில் ஜாஸ்தி பெருமை.

நாங்கள் நயினார் வீடு, சமணர்கள். பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவோம். விளக்கு வைத்த பிறகு எதையும் வாயில் போடுவதில்லை. அதனால் சாயங்காலச் சுற்று எப்போதும் அவசரமாகத்தான் முடியும். நிலவறைக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், உள்ளே வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் இவர் போட்ட சட்டம். ஆளாளுக்கு மேலே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கலைவார்கள். வெளியே செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிட மாட்டார். ஆடு மாடு உள்ளே விழாமல் கதவைச் சாத்தி இரும்புப் பட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மழைக்காலத்தில் மலைத் தண்ணீர் அதற்குள் இறங்கும் என்பதால் ஐப்பசி பிறந்தால் திறக்கவே மாட்டார்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், காலையிலிருந்தே மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மதியம் சந்திரகலா என்று ஒரு மெட்ராஸ் டீச்சர், இவரோடு ஊர் சுற்றிப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் வெறுங்காலோடு நடப்பதாக அன்றைக்குத்தான் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாளாம். "இதை இங்க வெச்சுட்டுப் போகட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை எங்கள் வாசலோரம் விட்டாள். இவர் அப்போது கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலிலேயே மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வரவும், பொழுது போய்விடுமே என்று இவர் நிலவறைக் கதவுக்குப் பட்டையைப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் வள்ளி தலையில் முக்காடோடு ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"நயினாரே, நீங்க சொன்னது நெஜங்க! தட்டுறா, அழுவுறா! தெருவே நின்னு கேக்குது!"

இவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. "பாத்தியா குணமதி?" என்றார்.

வள்ளியின் காலருகே கிடந்த செருப்பைத்தான் நான் பார்த்தேன்.

"மெட்ராஸ் டீச்சரம்மா மேல வந்துட்டாங்களா?"

"எல்லாரும் வந்துட்டாங்க. ஒரு செருப்பு கூட இல்ல."

"அவங்க செருப்பு இங்க கெடக்குதுங்க!"

கையில் ஒட்டிய சோற்றோடு எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சத்திரத்துக்கு முன்னால் தெருவே மழையில் நனைந்தபடி கைகூப்பி நின்றது. நிலவறைக் கதவுக்கு முன்னால், கூரை மிச்சமிருந்த இடத்தில், யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டும் சத்தம் இல்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"கற்பூரம் ஏத்துனதும் அடங்கிடுச்சுங்க" என்றார் டீக்கடை பலராமன், நிம்மதியாக.

எனக்கு உயிரே போய்விட்டது.

இவர் பட்டையை இழுத்துக் கதவைத் திறந்தார். படிகள் தெரியவில்லை, கறுப்பாகத் தண்ணீர்தான் ததும்பியது. அதிலிருந்து ஒரு கை வந்து வாசற்படிக் கல்லைப் பிடித்தது. ஊறி வெளுத்த கை, விரல் நுனியெல்லாம் ரத்தம்.

கூட்டம் அலறிக்கொண்டு சிதறியது. அது போகட்டும். மோர் சாதத்தோடு அந்தப் பெண்ணைப் பிசைந்து உண்டாக்கிய மனிதர் இருக்கிறாரே, அவரும் அலறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நான்தான் இறங்கினேன். அவள் கதவோர இருட்டில், மேல்படியில், மார்பளவுத் தண்ணீரில் சுருண்டு கிடந்தாள். கற்பூரத்தைக் காலால் தள்ளிவிட்டு அவளை இழுத்து அங்கே கிடத்தினேன். என் முந்தானையால் தலையைத் துவட்டத் துவட்ட அவள் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

"உள் அறையில கண்ண மூடி அண்ணனுக்காக வேண்டிக்கிட்டு இருந்தேங்க" என்றாள். "தெறந்து பாத்தா யாரும் இல்ல, கதவு சாத்தியிருக்கு. வெளிய பேச்சுக்குரல் கேட்டுச்சு. எவ்ளோ பேர் இருந்தாங்க! நான் தட்டுனது ஒருத்தருக்கும் கேக்கலையா?"

இவர் சுவரோரம்தான் நின்றிருந்தார்.

"கேட்டுச்சும்மா" என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."

இவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.