ஒன்பது வருஷம் தாமதிக்கும் பெட்டி

காளிகாட்டில் கிரிதர் வீட்டு மைக்கின் முன்னால் எதைச் சொன்னாலும் அது ஒன்பது வருஷம் கழித்துத்தான் யார் காதிலும் விழும். சந்துக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியில் இருந்த வங்காளி அம்மாள் மட்டும், இதற்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று ஒருமுறை கேட்டாள்.

கிரிதர் வங்கி அதிகாரி. சாயங்காலங்களில் தமிழ் நாடகக் குழுவுக்கு ஒலி அமைப்பவர். எதிரொலி தருகிற பழைய ஜப்பான் பெட்டி ஒன்றைச் சாந்தினி சந்தையில் வாங்கி வந்தார். அது அதிகம் போனால் ஒரு விநாடி தாமதிக்கும். முதல் காட்சியில் கதாநாயகி சொன்னது கடைசிக் காட்சியில் மேடையில் வந்து விழ வேண்டும் என்பது அவர் ஆசை. நினைவுச் சில்லுகளை அடுக்கடுக்காகப் பற்றவைத்தார், பெட்டியின் துடிப்பை மெதுவாக்கினார். ஒரு விநாடி ஒரு மணி நேரமாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். 1994இல் துடிப்பை இன்னும் குறைத்து, நேர் ஒலி போகும் கம்பியையும் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து மைக்கின் முன்னால் பேசுகிறவர்களின் வாய் மட்டும் அசைந்தது. குரலைப் பெட்டி முழுசாக வாங்கி வைத்துக்கொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்து மனைவியிடம், "ஒன்பது வருஷம் ஆகும் அமலா, அதுவரைக்கும் என்னைத் திட்டறதானா இங்க வந்து திட்டு" என்றார். அமலாவும் போய்த் திட்டினாள்.

அந்த நவம்பரில் ஒரு காலை அதே மைக்கின் முன்னால் கிரிதர் மாரடைப்பில் செத்துக் கிடந்தார். அமலா அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்று வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்ததாகத்தான் அவளுக்கு நினைவு. கிரிதரின் தம்பி ஜெயந்த் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "பத்தடி தள்ளி இருந்தேள் மன்னி. ஒரு குரல்கூடவா காதுல விழல?" பெட்டியைப் பற்றிச் சொன்னாள். "மிஷின் மேல பழியப் போட்டாச்சா? நன்னாருக்கு" என்றான். அதற்குப் பிறகு உறவில் யாரும் அவள் வீட்டில் கை நனைக்கவில்லை.

அவர் கூப்பிடாமலே போயிருந்தால் அவளுக்கு நிம்மதி, கூப்பிட்டிருந்தால் நியாயம். எது வேண்டும் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். கல்கத்தாவில் மின்சாரம் நிற்காத நாள் ஏது? கிரிதர் இணைத்துவைத்த கார் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒன்பது வருஷம் இருந்தாள். தங்கை மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போகவில்லை. வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தபோது அந்த அறையைத் திறக்கவில்லை.

2003 பிறந்தபின் குரல்கள் வரத் தொடங்கின. முதலில் அவளுடைய திட்டு வந்தது. இளமையான, சிரிப்பை அடக்கிக்கொண்ட திட்டு. நவம்பரில் ஜெயந்துக்குச் சொல்லியனுப்பினாள். ஊரின் கிழக்கே சால்ட் லேக்கிலிருந்து ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தான். நாற்காலி கொடுத்தாள். காத்திருந்தார்கள்.

"அமலா" என்றார் கிரிதர். மூச்சிரைத்தது. "அமலா, சித்த வாயேன்." பிறகு ஏதோ உருண்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து, ரொம்பச் சின்னக் குரலில், "காதுல விழலையா?"

ஜெயந்த் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "எவ்வளவு கிளியரா இருக்கு" என்றான். அவள் அவனிடம் வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. நியாயம் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வலியில் பெட்டியை மறந்து, தான் கூப்பிட்டும் அவள் வராமல் இருந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் போயிருக்கிறார்.

அமலா எழுந்து போய் மைக்கின் முன்னால் குனிந்தாள். உதடுகள் அசைந்தன.

"என்ன மன்னி, ஏதாவது சொன்னேளா?"

"உன்கிட்ட இல்ல" என்றாள், நிமிர்ந்தபிறகு.

மைக்கில் கிரிதருக்குச் சொன்ன பதில் வெளியே வர 2012 ஆகும். பாட்டரி அதுவரை தாங்காது என்று மறுநாள் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள்.