இல்லாத ரெஜிஸ்டருக்கு ஒரு பதில்

கல்யாணமான புதிதில் மாமியார் அவளிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். சுருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்து, "ரெஜிஸ்டர் சம்பந்தப்பட்ட வேலை, அத்தை" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் அவள் ரெஜிஸ்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்ற செய்தி சொந்தபந்தம் முழுவதும் பரவிவிட்டது. பிறகு எத்தனை தடவை திருத்திச் சொல்லியும் எடுபடவில்லை. கணவனின் பெரியப்பா மகன் ஒருவன், காதும் காதும் வைத்தாற்போல் தன் கல்யாணத்தைப் பதிவுசெய்து தரும்படி கேட்டு ஒரு பெண்ணோடு வந்து நின்றான். ஒரு சித்தப்பா மனைப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு தரப்புக்கும் டீ கொடுத்து அனுப்பிவைத்தாள். அதிலிருந்து குடும்பத்தில் அவள் பெயரே ரெஜிஸ்டர் என்று ஆகிப்போனது.

அவள் பார்த்த வேலை வேறு. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்ட முடியும். உள்ளே ஓடுவது, தன்னிடம் நிஜமான பிராசஸர் இருப்பதாக நம்பிக்கொண்டு, அதனிடம் ஓயாமல் கேள்வி கேட்கும். பிராசஸருக்குள் ரெஜிஸ்டர் எனப்படும் சின்னச் சின்ன அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இந்த எண்ணுள்ள அறையில் என்ன இருக்கிறது என்று உள்கணினி கேட்டால், வெளியே இருக்கும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல், தானே அந்தப் பிராசஸர் என்பதுபோல் பதில் சொல்ல வேண்டும். எந்த எண்ணுக்கு என்ன பதில் என்று தீர்மானிக்கும் நிரல் வரிகளுக்கு அவள்தான் பொறுப்பு. கர்னல் உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதுவது; எந்த நாட்டிலிருந்து யார் அந்த வரிகளில் கை வைத்தாலும், அவள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உள்ளே போகும்.

பொறுப்பில் பங்கு இன்னொருவருக்கும் இருந்தது. அவர் கடல் தாண்டி எங்கோ இருந்தார். மெயிலில் வரும் சின்னப் படத்தில் தாடி தெரிந்ததால் அவள் மனதுக்குள் அவர் தாடிக்காரர். பல வருடங்களாகச் சேர்ந்து வேலை பார்த்தும் இருவரும் நேரில் சந்தித்ததில்லை. சந்திக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதும் இல்லை.

ஒருநாள் பழைய வரிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. எந்தப் பிராசஸரிலும் இல்லாத ஒரு ரெஜிஸ்டர் எண்ணுக்கு, பூஜ்யம் என்று பதில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். ஏன் எழுதினார் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. இல்லாத அறையைப் பற்றிக் கேட்டால் நிஜப் பிராசஸர் பூஜ்யம் என்று சமாளிக்காது. பிழை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். நாம் மட்டும் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டு, அந்த வரியை எடுத்துவிட்டாள். தாடிக்காரர் 'நல்லது' என்று பதில் போட்டார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கர்னலின் புதிய பதிப்பு வெளியான கொஞ்ச நாளில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. பழைய மென்பொருள் ஒன்றை உள்கணினியில் போட்டு ஓட்டுகிறாராம். அப்டேட்டுக்குப் பிறகு அது கிளம்பும்போதே விழுந்துவிடுகிறதாம். திரையில் வந்த எண்ணையும் மறக்காமல் எழுதியிருந்தார். அவள் எடுத்த எண்தான் அது.

'உங்கள் மென்பொருள் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கிறது. தவறு அதனிடம்தான். எழுதியவர்களைத் திருத்தச் சொல்லுங்கள்' என்று பதில் போட்டாள்.

'எழுதிய நிறுவனத்தை மூடிவிட்டார்கள். யாரிடம் சொல்லட்டும்?' என்று அவர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. அவளிடம் பதில் இல்லாததால் பதில் எழுதவில்லை. அடுத்தடுத்து வந்த மெயில்களுக்குக் கீழே அது போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் நாத்தனார் போன் செய்தாள். கணவனின் தங்கை, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள்.

"அண்ணி, லென்ஸ் வெட்டுற மெஷின் படுத்துடுச்சு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"மெஷின் ரிப்பேரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு. அத ஓட்டுற கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுது."

"நான் அந்த மாதிரி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறது இல்லையே."

"எப்பவும் இதேதான் சொல்றீங்க. பிரிண்டர் கெட்டா என் வேலை இல்ல, போன் கெட்டா என் வேலை இல்ல. அப்போ எதுதான் அண்ணி உங்க வேலை?"

கணவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போயிட்டுத்தான் வாயேன். போய் நின்னுட்டு வந்தாக்கூட அவளுக்குத் திருப்தி" என்றான். பகலெல்லாம் அடுத்தவர் தோள்பட்டையைப் பிடித்துவிடும் பிசியோதெரபிஸ்ட் அவன். வீட்டுக்கு வந்தால் யார் தோளுக்கும் ஆதரவு கொடுப்பதில்லை.

கடை குறுகலாக, நீளமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் வெறும் ஃபிரேம்கள், கண்ணில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர், லென்ஸ் உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி இல்லாம வண்டியத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல உட்கார்ந்தா வீட்டுக்காரி இங்க போய் உட்காருன்னுட்டா" என்று அவர் தன் நிலைமையை விளக்கினார்.

மெஷின் பின்னறையில் இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கடுக்காக. ஒவ்வொன்றிலும் வெட்டாத இரண்டு வட்ட லென்ஸும் ஒரு சீட்டும். மெஷின் செய்த கம்பெனி இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும். பழைய கணினி செத்தபோது, விற்பனைக்காரர் புதுக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து, பழசை அப்படியே அதற்குள் உள்கணினியாக ஏற்றிக் கொடுத்திருந்தார். நேற்று அவரே வந்து பார்த்து, அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, அப்டேட்டில் என்னவோ என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

அவள் ஸ்விட்சைப் போட்டாள். திரை கறுப்பானது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. வரியின் கடைசியில் அந்த எண்.

முன்பின் தெரியாதவர்கள் கூட்டத்தில் யாரோ தன் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, ரொம்ப மோசமா?"

"இது என்னால வந்ததும்மா."

"எது?"

"இந்த மெஷின் நின்னது. நான்தான் நிறுத்தினேன்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க போன வருஷம் கடைக்கு வந்ததோட சரி."

"இங்க வரல. வீட்டுல இருந்தே செஞ்சேன். ஒரு வரிய எடுத்தேன். அது அப்டேட்ல வந்து..."

"கண்ணு கிண்ணு வச்சுட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. கர்னல்ல ஒரு வரி."

"அண்ணி, உங்களக் குத்தம் சொல்லவா கூப்பிட்டேன்? போன்ல கொஞ்சம் வெடுக்குன்னு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. பழி எல்லாம் தன் தலையில இழுத்துப் போட்டுக்கறதே இந்த வீட்டு மருமகள்களுக்கு வழக்கமாப் போச்சு."

உலகத்தில் எந்தக் கணினி கெட்டாலும் என் வேலை இல்லை என்று சொல்லிவந்தவள், வாழ்க்கையில் முதல்தடவையாக இது என் வேலைதான் என்று ஒப்புக்கொண்டபோது நம்புவதற்கு ஆளில்லை. பெஞ்சிலிருந்து டிரைவர், "விடுங்கம்மா, யாருக்கும் நடக்கறதுதான்" என்று பொதுவாகச் சொன்னார்.

கணினியில் அப்டேட்டுக்கு முந்தைய கர்னலும் அழியாமல் இருந்தது. கிளம்பும்போது அதைத் தேர்ந்தெடுத்தாள். உள்கணினி எழுந்தது. தன் கேள்வியைக் கேட்டது, பூஜ்யம் என்று கேட்டுத் திருப்தியானது, மேலே போனது. மெஷின் தொண்டையைக் கனைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி, டிரைவரின் வலது லென்ஸைக் கடிக்க ஆரம்பித்தது.

"அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பிகு பண்ணினீங்க?" என்றாள் நாத்தனார்.

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதாகச் சொன்னார். போய்விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். கடை ஓடுகிறது, நாத்தனாருக்குச் சந்தோஷம், பழைய கர்னலிலேயே நிற்கும்படி கணினியைப் பூட்டியும் வைத்தாயிற்று. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் போனை எடுத்து, கீழே போய்விட்ட அந்த மெயிலைத் தேடி எடுத்தாள். யாரிடம் சொல்லட்டும்? அந்த மனிதருக்குக் கர்னல் தெரிந்த அண்ணி இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். அவரைத்தான் தவறு உங்களிடம் என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அவளுக்கு முகம் சுட்டது. இறங்கவேண்டிய இடம் தாண்டிப்போய், இறங்கி நடந்து வந்தாள்.

மறுநாள் காலை, எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் அழைத்தார். அவர் அழைப்பது அபூர்வம்.

"நல்லா யோசிச்சுத்தானே எடுத்தோம்? இப்ப என்ன திடீர்னு?"

"ஒரு கடையில என் கண்ணால பார்த்தேன். நின்னுபோச்சு."

"யாரு கடை?"

"நாத்தனார் கடை."

"உறவுக்காரங்களுக்காகக் கர்னல்ல கை வைக்கிறது நல்ல பழக்கம் இல்ல."

"அவளுக்காக இல்ல. அவ கடை ஓடுது. ஒருத்தர் முன்னாடியே எழுதினாரு. நான் தட்டிக்கழிச்சேன்."

"அந்த மென்பொருள் செய்யறது தப்புதானே?"

"தப்புதான். ஆனா இத்தனை நாள் ஓடிட்டு இருந்துச்சு. நாம கை வச்சோம், நின்னுச்சு. அதத் திருத்த ஆளும் இல்ல."

தாடிக்காரர் பெருமூச்சு விட்டார். "எனக்குப் பிடிக்கல. ஆனா நீங்க சொல்றது சரி. அந்த வரிக்கு மேல ஒரு விளக்கம் எழுதுங்க. இல்லன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல நம்ம மாதிரி ஒரு சுத்தக்காரர் வந்து மறுபடி எடுப்பாரு."

அவள் எழுதினாள்: 'இப்படி ஒரு ரெஜிஸ்டர் கிடையாது. இருந்தாலும் பூஜ்யம் என்று சொல்லவும். சில பழைய மென்பொருள்கள் இதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகின்றன. அவற்றைத் திருத்த யாரும் இல்லை. எடுக்க வேண்டாம், நான் எடுத்துப் பார்த்துவிட்டேன்.' மாற்றத்தோடு போகும் குறிப்பில், பிழையைத் தெரிவித்தவர் என்ற இடத்தில் அந்த முன்பின் தெரியாதவரின் பெயரைப் போட்டாள். தாடிக்காரர் கடைசி வாக்கியம் தேவையில்லை என்றார். பிறகு இருக்கட்டும் என்றார். பிறகு ஒரு வரியின் முன்னால் இடைவெளி தப்பாக இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதைச் சரிசெய்து அனுப்பியதும், இதற்கு ஒரு சோதனை வேண்டும் என்றார். இல்லாத ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்லும் பொய் ஒவ்வொரு பதிப்பிலும் ஒழுங்காகச் சொல்லப்படுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை அவள் எழுதினாள். தேறியது.

கடைசியாக அந்த மனிதருக்கு, எல்லோரும் படிக்கும் பொது மெயில் பட்டியலிலேயே, மன்னிப்புக் கேட்டு எழுதினாள். தவறு உங்களிடம் இல்லை, என்னிடம். நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதினாள். அடுத்த பதிப்பில் எல்லாம் பழையபடி ஓடும் என்றாள். தாடிக்காரர் மெயில் நீளம் என்றார்.

அந்த முன்பின் தெரியாதவரிடமிருந்து பதில் வந்தது.

'மிக்க நன்றி. நாங்கள் சாக்ஸ் பின்னுகிறவர்கள். கோடுபோட்ட சாக்ஸ் பின்னும் மெஷினுக்குத்தான் அந்த மென்பொருள். போன வாரம் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். இப்போது ஒரே நிறத்தில்தான் பின்னுகிறோம். யாரும் குறை சொல்லவில்லை. என் பெயரைச் சேர்த்திருந்ததை என் மகளிடம் காட்டினேன். அது என்ன இடம் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். மகளுக்குச் சொல்வதற்காக, அது எந்த இடம், அங்கே பெயர் வந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினாள். ரெஜிஸ்டர் என்ற சொல் இல்லாமல் எழுதப் பார்த்தாள்; அதற்கே காலைப்பொழுது போய்விட்டது.

நாத்தனார் கடையில் மெஷின் அதன்பிறகு நிற்கவில்லை. புதிதாக வாங்கி வைத்த ஸ்டெபிலைசர்தான் காரணம் என்று நாத்தனார் எல்லோரிடமும் சொன்னாள்.

அந்த வரி இருந்த கோப்பில் இன்னும் மூன்று எண்களுக்கு, காரணம் சொல்லாமல், பூஜ்யம் என்று எழுதியிருந்தது. மூன்றையும் எடுக்க வேண்டும் என்று அவள் முன்பே குறித்து வைத்திருந்தாள். இப்போது பட்டியலில் ஒரு மெயில் போட்டாள்: இவை யாருக்காக எழுதப்பட்டன என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.

யாருக்கும் தெரியவில்லை. தாடிக்காரர் மட்டும், தனக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார். அவள் அந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தாள்.