முந்நூற்றுத் தொண்ணூற்றொரு டைல்கள்

டைல்ஸ் கம்பெனி முதலாளிக்கு மூன்று மகன்கள். மூத்தவன் வாங்கிய இயந்திரத்தை நடுவுள்ளவன் ஓட்டை உடைசல் என்பான். நடுவுள்ளவன் வேலைக்குச் சேர்த்த ஆளை இளையவன் மறுநாளே வீட்டுக்கு அனுப்புவான். இளையவன் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவருக்கும் அந்த நிறத்தையே கண்ணில் காட்டக் கூடாது. மூவரும் ஒரே குரலில் பேசிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, எப்பப் பிரிச்சுக் குடுக்கப் போறீங்க?"

பெரியவர் தூக்கம் தொலைத்தார். அந்த நேரம் பார்த்து ஆலோசகர் வந்து சேர்ந்தார். முழுக்கைச் சட்டை, தோல் பை, நிறுத்தி நிதானமான பேச்சு. எந்தப் படிப்பு படித்தவர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் வராதபடி அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பகா எண்ணுன்னா என்ன? எதாலயும் வகுபடாத எண். பிரிக்க முடியாத எண்," என்றார் அவர். "புதுசாக் கட்டுற ஷோரூம்ல முகப்புக் கூடத்துத் தரையில பகா எண் கணக்கா டைல் பதிங்க. பிரியாத தரை மேல நிக்கிற குடும்பம் பிரியாது."

முதலாளி ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சேதி கம்பெனியின் பின்கோடியில் உள்ள தரம் பிரிக்கும் கொட்டகைக்கு ஒரு துண்டுக் காகிதமாக வந்து சேர்ந்தது. அங்கே பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். சூளையிலிருந்து இறங்கும் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசை கேட்டு, கீறல் உள்ளதைத் தனியே தள்ளி, நல்லதை எண்ணி அடுக்குவது அவர்கள் வேலை. அவர்களுடைய தலைவியை எல்லோரும் எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணுகிற அக்கா, எண்ணக்கா. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

பதினைந்து வருடமாக அடுக்கி அடுக்கி அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த எண்ணைப் பார்த்தாலும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்ப்பாள். மிச்சமில்லாமல் வரிசை கட்டிக்கொள்ளும் எண்கள் உண்டு. எத்தனை வரிசை போட்டாலும் ஒன்றிரண்டு துருத்திக்கொண்டு நிற்கும் எண்களும் உண்டு. துருத்துகிற எண்களின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம்.

மேனேஜர் காகிதத்தை நீட்டினார். "முதல் தரத்துல முந்நூத்துத் தொண்ணூத்தி ஒண்ணு. ஒரு புள்ளி, ஒரு கீறல் இருக்கக் கூடாது. ஷோரூமுக்கு."

"அதென்ன சார் கணக்கு, ஒண்ணுல வந்து நிக்குது?"

"பகா எண்ணும்மா. ஆலோசகர் வகுத்துப் பாத்துச் சொன்னது. அதிர்ஷ்டத்தப் பாரு, நம்ம கூடத்துக்கும் சரியா அவ்வளவுதான் வேணுமாம். பதினேழு வரிசை, வரிசைக்கு இருபத்தி மூணு. ஒரு டைல் வெட்ட வேண்டியதில்ல."

எண்ணக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னம்மா சிரிப்பு?"

"சார், பதினேழு வரிசை, வரிசைக்கு இருபத்தி மூணுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது பதினேழால வகுபடுதுன்னுதானே அர்த்தம்?"

மேனேஜர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஆலோசகர் ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாத்தாலயும் வகுத்துட்டாரும்மா. எதுலயும் போகல."

"அடுத்த படியில கால வைக்காம இறங்கிட்டாரு சார்."

"எதுவரைக்கும்தான் வகுத்துக்கிட்டே போறது? இதுக்கு ஒரு முடிவு வேண்டாமா?"

"இருக்கு சார். வகுக்கிற எண்ணு எப்பவும் ஜோடியாத்தான் வரும். ஜோடியில ஒண்ணு பெருசா இருந்தா இன்னொண்ணு சின்னதா இருக்கணும். இருபதை இருபதால பெருக்கினா நானூறு. நம்ம எண்ணு நானூறுக்குள்ள. அப்ப ஜோடியில ஒண்ணாவது இருபதுக்குக் கீழ இருந்தே ஆகணும், இல்லியா? அதனால இருபதுக்குக் கீழ இருக்கிற பகா எண்ணு எட்டுகிட்ட மட்டும் கேட்டாப் போதும். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு, பத்தொம்பது. எட்டும் கைய விரிச்சா அது பகா எண். இங்க ஏழாவதே வா வான்னு கூப்பிடுதே."

"நாலு, ஆறெல்லாம்?"

"ரெண்டால முடியாதது நாலால மட்டும் எப்படி சார் முடியும்?"

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. புரியாமலே இருந்திருந்தால் மேலே போய்ச் சொல்ல வேண்டிய தலைவலி இருந்திருக்காது.

வீட்டில் எண்ணக்காவின் கணவர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தையல்காரர், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"என்கிட்ட வர்றவங்க இடுப்பு முப்பத்தி ஆறும்பாங்க. டேப்பு நாப்பதுங்கும். நான் நாப்பதுக்குத் தச்சுட்டு முப்பத்தாறுன்னு எழுதிக் குடுப்பேன். அவங்களுக்கும் சந்தோசம், எனக்கும் தொல்லையில்ல. நீ எதுக்குப் போயி இதுல மூக்க நுழைக்கிற?"

"பேன்ட்டு போடுறவருக்கு நாப்பதுதானே சரியா இருக்குது? அந்த நாப்பத நீங்க விட்டுக் குடுக்கலியே. நானும் அதத்தானே சொல்றேன்."

அவர் ஊசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். 

மறுநாள் கூட்டம் போட்டார்கள். நீள மேசையைச் சுற்றி மூன்று மகன்கள், மேனேஜர், கட்டட இன்ஜினியர், விற்பனைத் தலைவர். தலைமாட்டில் பெரியவர், பக்கத்தில் ஆலோசகர். எண்ணக்காவைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, ஆனால் உட்காரச் சொல்வது யார் பொறுப்பு என்று முடிவாகவில்லை.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த அம்மா சொல்றது பள்ளிக்கூடக் கணக்கு. நான் சொல்றது வாழ்க்கைக் கணக்கு. பதினேழால யாருங்க வகுப்பாங்க? உலகத்துல எந்த அப்பாவுக்காவது பதினேழு பிள்ளைங்க இருக்கா? ஐயாவுக்கு மூணு பேர். முந்நூத்துத் தொண்ணூத்தி ஒண்ணு மூணால வகுபடுமா? மூணும் ஒம்பதும் ஒண்ணும் கூட்டினா பதிமூணு. படாது. முடிஞ்சுது."

மேசையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடின. எண்ணக்கா விடவில்லை.

"மூணால வகுபடாத எண்ணு வேணும்னா பத்துக்கூட வகுபடாதுங்க. அதுக்குப் பகா எண்ணுன்னு பேரு எதுக்கு?"

"இன்ஜினியர் என்ன சொல்றீங்க?" என்று பெரியவர் கேட்டார்.

இன்ஜினியருக்கு விடை தெரியும். ஆனால் கூடத்தின் அளவை மாற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அதைவிட நன்றாகத் தெரியும். "கட்டடத்தைப் பொறுத்தவரைக்கும் உறுதியா இருக்குங்க," என்றார்.

"சரி, ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றான் மூத்தவன்.

மூன்று மகன்களும் முதல் தடவையாக ஒரே பக்கம் கை தூக்கினார்கள். அதைப் பார்த்துப் பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார். 'முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று இன்று முதல் பகா எண் எனத் தீர்மானிக்கப்படுகிறது' என்று மேனேஜர் குறிப்பேட்டில் எழுதினார். 'இன்று முதல்' என்பது அவருடைய பழக்க தோஷம். விடுமுறை அறிவிப்புகளை எழுதி எழுதி வந்தது.

எண்ணக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன்னை மதிக்காததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பாவம் அந்தப் பதினேழு, கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்களே என்றுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, தேநீர் இடைவேளையில் பெரியவர் தனியாகக் கொட்டகைக்கு வந்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, எண்ணக்காவின் பக்கத்தில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உண்மையிலேயே வகுபடுமாம்மா?"

அவள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் போட்டுக் காட்டினாள். பெரியவர் தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். வாய்விட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அப்ப நிஜமான பகா எண்ணு எதுவோ அதப் போட்டுடலாம்."

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நாலு மூலையும் சரியா இருக்கிற கூடத்துல முழு டைலாப் பதிச்சா பகா எண்ணு வரவே வராது. வரிசையும் வரிசையும் பெருக்கித்தானே கணக்கு வருது? ஒத்தை வரிசையில பதிச்சாத்தான் வரும். அது கூடம் இல்லீங்க, நடைபாதை."

பெரியவர் தரையில் எழுதியிருந்த கணக்கை மறுபடி குனிந்து பார்த்தார். "ஒண்ணு ரெண்டு பதிக்காம விட்டா?"

"ரெண்டு விட்டா முந்நூத்தி எம்பத்தொம்பது. அது அசல் பகா எண்ணு. எட்டுகிட்டயும் கேட்டுட்டேன், எட்டும் கைய விரிச்சிடுச்சு."

அப்படியே உத்தரவு போனது. இரண்டு டைல் பதியாமல் விடவேண்டும். எந்த இரண்டு? அங்கேதான் வந்தது வினை. கூடத்தின் இடப்பக்கம் மூத்தவன் அறை, வலப்பக்கம் நடுவுள்ளவன் அறை, எதிரே இளையவன் அறை. பள்ளம் என் வாசலில் வரக்கூடாது என்று மூவரும் மல்லுக்கு நின்றார்கள். நட்டநடுவில் விடலாம் என்றால், யார் அறையிலிருந்து பார்த்தாலும் ஓட்டை தெரியும் என்றார்கள். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடமான தெருவாசலில், வாடிக்கையாளர் முதல் காலடி வைக்கும் இடத்தில் விட்டார்கள்.

ஆலோசகர் அசரவில்லை. "வர்றவங்க காலைத் தூக்கி வச்சு உள்ள வரணும். அதுதான் மரியாதை. இதத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார்.

திறப்பு விழா அன்று நாடாவை வெட்ட மூன்று கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். மூவரும் ஒரே சமயத்தில் வெட்டியதில் நாடா நாலு துண்டாகக் கீழே விழுந்தது. வந்தவர்களில் இருவர் பள்ளத்தில் தடுக்கினார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவர் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அசல் பகா எண்ணின் மேல் ஐந்து மாதம் நின்ற குடும்பம் ஆறாவது மாதம் பிரிந்தது. கூடத்துக்குக் குறுக்கே இரண்டு கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். குறுக்குவாட்டில் எண்ணினால் வந்த இருபத்து மூன்று வரிசையில் மூத்தவனுக்கு எட்டு, நடுவுள்ளவனுக்கு எட்டு, இளையவனுக்கு ஏழு. அந்த ஒரு வரிசைக்காக இளையவன் வக்கீல் வைத்தான். பெரியவர் ஆலோசகரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். "ரெண்டு டைல எடுத்துட்டீங்களே ஐயா! நான் சொன்ன எண்ணுலயே விட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்று அவர் உச்சுக்கொட்டினார். 

சூளையையும் தரம் பிரிக்கும் கொட்டகையையும் மட்டும் பிரிக்க வழியில்லாமல் மூவருக்கும் பொதுவாக விட்டார்கள். அதனால் எண்ணக்காவுக்கு இப்போது மூன்று முதலாளிகள்.

முதலில் வந்தவன் மூத்தவன்தான். கொட்டகை வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, என் புது டைலுக்கு நம்பர் வைக்கணும். பகா எண்ணா வேணும், என் பங்காவது இனிப் பிரியக் கூடாது. ஓட்டுப் போட்ட எண்ணு வேண்டாம், நிஜமானது. மூணு இலக்கத்துல பெருசா."

 கொட்டகைக்கு வசதிகள் கேட்டுப் பெண்கள் எழுதிக் கொடுத்த மனு ஒன்று ஆறு வருடமாக அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்தது. அது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"சோதிச்சுப் பாக்கணும் சார். முப்பத்தி ஒண்ணு வரைக்கும் வகுக்கணும். இந்த வெக்கையில தலை சுத்துது. ரெண்டு மின்விசிறி இருந்தா கணக்கு தப்பாம வரும்."

மறுநாள் மின்விசிறி வந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு போனது.

வாரம் முடிவதற்குள் நடுவுள்ளவன் வந்தான். "அவனுக்கு என்ன குடுத்தீங்களோ அதவிடப் பெருசா வேணும்." அவனுக்கு ஆயிரத்து ஒன்பது, பெண்கள் கழிப்பறைக்குப் புதுக் கதவு, உள்தாழ்ப்பாளோடு. இளையவனுக்கு ஆயிரத்துப் பதின்மூன்று. தூசிக்கு எல்லோருக்கும் முகமூடி, மாதாமாதம். அதற்குள் மூத்தவனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இரண்டாயிரத்து மூன்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஒழுகுகிற கூரைக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தான்.

ஒருநாள் இளையவன் பொறுமை இழந்தான். "அக்கா, இதுக்கு மேல எண்ணே இல்லங்கிற மாதிரி ஒண்ணு குடுத்துடுங்களேன். கடைசி பகா எண்ணு எதுவோ, அது எனக்கு."

"கடைசின்னு ஒண்ணு கிடையாது சார். எவ்வளவு பெருசு எடுத்தாலும் அதவிடப் பெருசு ஒண்ணு இருந்துகிட்டே இருக்கும்."

"அண்ணன்களுக்கு இது தெரியுமா?"

"இன்னும் சொல்லலீங்க."

"சொல்லிடாதீங்க," என்று கெஞ்சிவிட்டு அவன் போனான். போகும்போது ஐந்து இலக்கத்தில் ஒன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் பத்துப் பெண்களும் எண்ணக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்தமுறை என்ன கேட்பது என்று பெரிய வாக்குவாதம். ஒருத்தி உட்கார்ந்து வேலை செய்ய முதுகு வைத்த நாற்காலி என்றாள். இன்னொருத்தி மதியம் கால் நீட்ட ஒரு மணி நேரம் என்றாள். மூலையில் இருந்தவள், சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கேட்டால் என்ன என்றாள்.

"அதுக்கு ஆறு இலக்கமாவது வேணும்டி," என்றாள் எண்ணக்கா. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.